அடுத்தது யார் என்று கேய்னருக்குத் தெரியும்

எங்கள் தெரு முனையில் இருந்த ஃபெதர்ஸ் பப் நான்கு வருஷம் பலகை அடித்து மூடிக் கிடந்துவிட்டு, போன செப்டம்பரில் உணவகமாகத் திறந்தது. அதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பச்சை ஓடுகளைத் தேய்த்துக் கழுவி எடுத்தது நன்றாக இருக்கிறது என்கிறார்கள். கேரட்டைக் கருக்கித் தட்டில் வைத்து அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். சொல்லட்டும், எனக்கென்ன. ஆனால் கேய்னரைப் பற்றியும் பேசுகிறார்கள். அங்கே வேலைக்குப் போனதும் பழைய ஆட்களைக் கண்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாளாம். அதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் பாலீன். ஃபெதர்ஸுக்கு மூன்று கடை தள்ளி, காசு போட்டால் துவைத்துத் தரும் இயந்திரங்கள் வைத்த சலவைக் கடை என்னுடையது. ஸ்டாக்போர்ட்டில் இந்தப் பக்கத்தில் யார் வீட்டில் யார் சட்டை துவைக்கிறார்கள், யார் வீட்டிலிருந்து திடீரென்று ஒரு தலையணை உறைதான் வருகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கேய்னர் ஆலரன்ஷா வீட்டிலிருந்து ஒரு தலையணை உறைதான் வருகிறது, முப்பத்திரண்டு வருஷமாக. அவள் புருஷன் ராய் லாரி ஓட்டிக்கொண்டு ராட்டர்டாமுக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டான். "போனது நல்லதுதான்டி, ஆனா தேத்தண்ணி கெட்டிலையும் எடுத்துட்டுப் போனான் பாரு, அதத்தான் என்னால மன்னிக்க முடியல" என்பாள். மகள் ஆஸ்திரேலியாவில். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் திரையில் முகம் காட்டுவாள்.

ராய் போன பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் கொஞ்ச நாள் உருளைக்கிழங்கு உரித்தாள் கேய்னர். பிறகு ஃபெதர்ஸில் பியர் ஊற்றப் போனாள். போனவள் இருபத்தேழு வருஷம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். அழகி கிடையாது. பாட்டுப் பாட மாட்டாள், ஜோக் சொன்னால் முடிவை முதலில் சொல்லிவிடுவாள். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது இங்கே குடிவருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை, அதனால் சொல்லித் தொலைக்கிறேன். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி பப்பில் ஒருவர் பின்னால் ஒருவர் நிற்க மாட்டோம். கவுண்டர் நெடுகிலும் முழங்கையை ஊன்றிக்கொண்டு கலைந்துதான் நிற்போம். ஆனால் யாருக்கு முன்னால் யார் வந்தார் என்று நிற்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். கூப்பிடக் கூடாது, கை தட்டக் கூடாது, காசைக் காட்டி ஆட்டக் கூடாது. தேமேயென்று நிற்க வேண்டும். ஊற்றுகிறவள் நம்மைப் பார்த்துத் தலையை இம்மியளவு அசைப்பாள். அவ்வளவுதான். 'நீ வந்ததைப் பார்த்துவிட்டேன், உன் முறை உனக்கு உண்டு' என்று அர்த்தம். அதற்குப் பிறகு கூரையே இடிந்து விழுந்தாலும் அந்த முறையை யாரும் பறிக்க முடியாது.

கால்பந்து ஆட்டம் முடிந்து எண்பது பேர் உள்ளே நெருக்கியடித்த நாட்களில்கூட கேய்னர் ஒருவரை விட்டதில்லை. ஒரு கையால் பியர் பம்பின் பிடியை இழுத்துக்கொண்டே, "நீ இல்ல கண்ணு, உனக்கு முன்னால அந்தத் தாடிக்காரரு, அவருக்கு முன்னால கக்கூஸ் போயிருக்காரே அவரு" என்பாள். போனவன் திரும்பி வந்தால் அவன் முறை அவனுக்காகக் காத்திருக்கும். வீட்டில் பெண்டாட்டி கண்டுகொள்ளாதவன், வேலையிடத்தில் பெயரே இல்லாதவன், எல்லோரையும் அந்தத் தலையசைப்பு ஒரு ஆளாக நிறுத்திவைத்தது. இது நானாக யோசித்துச் சொல்வது. கேய்னரிடம் சொல்லியிருந்தால், "போடி, எனக்குக் கழுத்து வலி" என்றிருப்பாள்.

பப்பை மூடினார்கள். கேய்னர் ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கில் பார்சல் எடுத்துவைக்கும் வேலைக்குப் போனாள். கையில் கட்டிய கருவி ஒன்று அடுத்த அலமாரி எங்கே என்று சொல்லும், இவள் நடப்பாள். ஒரு நாளைக்கு எட்டு மைல். நான்கு வருஷத்தில் வலது முழங்கால் போய்விட்டது. மாலையில் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, சுற்றுகிற இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். துவைக்க ஒன்றும் கொண்டுவந்திருக்க மாட்டாள். அறுபத்து மூன்று வயது. அரசாங்க ஓய்வூதியம் வர இன்னும் நாலு வருஷம். "நாலு வருஷம் இந்தக் காலு தாங்காது பாலீன்" என்றாள் ஒருநாள், மழை வரும் என்று சொல்கிற மாதிரி.

இந்த நிலைமையில்தான் ரோசலிண்ட் வந்தாள், புது முதலாளி. முப்பத்தைந்து வயசுப் பெண், லண்டனில் சமையல் படித்தவள், தாயார் விட்டுப்போன வீட்டை விற்று ஃபெதர்ஸில் போட்டிருக்கிறாள். திட்டலாம் என்றுதான் காத்திருந்தேன், ஆனால் பாவி நல்லவளாக இருந்துவிட்டாள். புகை படிந்து கறுத்துக் கிடந்த கூரையைத் தானே ஏணி போட்டுக் கழுவினாள். துணி நாப்கின்களைத் துவைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தாள். கேய்னரைத் தேடிப்பிடித்து, "இந்த எடத்தப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு வாரம் வந்து பாருங்க. எனக்கும் சரிப்பட்டு, உங்களுக்கும் சரிப்பட்டா நிரந்தரம்" என்றாள்.

கவுண்டருக்குப் பின்னால் உட்கார ஒரு உயரமான நாற்காலிகூடப் போட்டுக் கொடுத்தாள். கேய்னர் அந்த நாற்காலியைப் பற்றி என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

ஒரே ஒரு விதி. கவுண்டரில் யாரும் நிற்கக் கூடாது. வருகிறவர்கள் பக்கத்துத் தெருவில் திறந்திருக்கிற புது வாசலில் பெயர் சொல்லி, மேஜைக்குப் போய் உட்கார வேண்டும். மேஜையிலிருந்து ஆர்டர் எழுதிய சீட்டு வந்தால் மட்டும் கேய்னர் ஊற்ற வேண்டும்.

"அதுக்கென்னம்மா, சரி" என்றாள் கேய்னர்.

திறப்பு நாள் சனிக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டரைக்கு நாற்பது பேர் பதிவு செய்திருந்தார்கள். முனைக் கதவு, நூற்றைம்பது வருஷமாக எல்லோரும் நுழைந்த கதவு, அதைப் பூட்டக் கூடாது, தீப்பிடித்தால் வெளியேற வேண்டுமாம். அதனால் அது திறந்தே இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு முதல் ஆளாக அந்தக் கதவு வழியாக வந்தார் வில்ஃப். எண்பத்தோரு வயது, ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், மனைவி இறந்து ஆறு வருஷம். கவுண்டரின் இடது கோடியில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு பைன்ட் பியர், அதுதான் அவருடைய நாள். நான்கு வருஷம் கழித்து நேராக அந்தக் கோடிக்குப் போய் முழங்கையை வைத்தார். வாயைத் திறக்கவில்லை.

கேய்னர் தலையை அசைத்துவிட்டாள்.

"வேணும்னு செய்யலடி" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "கழுத்து தானா அசைஞ்சிருச்சு. அசைச்ச பிறகுதான் விதி ஞாபகம் வந்துச்சு. ஊத்தவும் முடியல, இல்லைன்னு சொல்லவும் வாய் வரல."

தலையசைத்தாகிவிட்டது. வில்ஃபுக்கு முறை வந்துவிட்டது. அவர் நிம்மதியாக நின்றார். அடுத்து பழைய ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள், அவர் பக்கத்தில் நின்றார்கள். கேய்னரின் கழுத்து அவர்களையும் பார்த்துக்கொண்டது. பிறகு பதிவு செய்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் என்ன செய்வார்கள்? இந்த ஊர்க்காரர்கள் ஆயிற்றே. முனைக் கதவு வழியாக வந்தார்கள், ஐந்து பேர் கவுண்டரில் பொறுமையாக நிற்பதைப் பார்த்தார்கள், 'ஓ, இங்கேதான் போலிருக்கிறது' என்று தாங்களும் நின்றார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். நாலு பேர் சேர்ந்து நிற்கிற இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்பதற்கென்றே பிறந்த ஜனம் நாங்கள். எதற்கு நிற்கிறோம் என்று கேட்பது மரியாதையாக இருக்காது.

பன்னிரண்டே முக்காலுக்கு நான் நாப்கின் மூட்டையோடு நுழைந்தேன். முப்பத்தெட்டுப் பேர் நிற்கிறார்கள். பதினாறு மேஜை காலி. பரிமாறும் பெண்கள் சுவரோரம் கைகட்டி நிற்கிறார்கள், விருந்தாளிகள் கவுண்டரின் அழகை ரசிப்பதாக அவர்களுக்கு எண்ணம். ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. புது வாசலில் ரோசலிண்ட் தன்னந்தனியாக நின்று, யாருமே வரவில்லையே என்று வெளிறிப்போயிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

யாரோ சொல்லி ரோசலிண்ட் உள்ளே ஓடி வந்தாள். "கேய்னர்! எல்லாரும் ஏன் நிக்கிறாங்க?"

"அவங்கவங்க முறைக்காகக் காத்திருக்காங்கம்மா."

"என்ன முறை?"

"முதல்ல வில்ஃப். அப்பறம் டெரன்ஸ், அவரு தம்பி. அப்பறம் நீலக்கோட்டு அம்மா, அவங்க கூட வந்தவரு. அந்தக் கண்ணாடிக்காரப் பொண்ணு கொஞ்சம் முன்னாடியே வந்துச்சு, ஆனா போன் பேச வெளிய போச்சு, அதுக்கு ஏழாவது..."

முப்பத்தெட்டுப் பேரையும் வரிசையாகச் சொன்னாள். நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ரோசலிண்ட் காலி மேஜைகளைப் பார்த்தாள், நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு, "சரி, ஊத்துங்க" என்றாள்.

கால் மணி நேரத்தில் கேய்னர் அத்தனை பேருக்கும் ஊற்றிக் கொடுத்தாள், ஒருவர் முறையும் பிசகாமல். நொண்டிக் காலை மறந்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தேன், பத்து வயசு குறைந்திருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சந்தோஷம் அதோடு சரி. பதிவு செய்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மேஜைக்குப் போனார்கள், சமையலறைக்கு அத்தனை சீட்டும் ஒரே நேரத்தில் போனது. மீன் வர இரண்டு மணி நேரம் ஆனது, ஆறிப்போய் வந்தது. "எல்லாம் எப்பிடி இருந்துச்சுங்க?" என்று பெண்கள் கேட்டதற்கு ஒருவர் விடாமல் "அருமை, ரொம்ப அருமை" என்றார்கள். வீட்டுக்குப் போனதும் செல்போனை எடுத்து இணையத்தில் கிழி கிழியென்று கிழித்து எழுதினார்கள். திங்கட்கிழமைக்குள் அடுத்த வாரப் பதிவில் பாதி ரத்து.

அன்று ரோசலிண்ட் கேய்னரை உட்காரவைத்துப் பேசினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றாள் கேய்னர்.

"இன்னொரு சனிக்கிழமை இந்த மாதிரி ஆச்சுன்னா நான் மூடிட்டுப் போக வேண்டியதுதான் கேய்னர். அம்மா வீடு போயாச்சு, இனி விக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அவங்க நிக்கிறது கவுண்டருக்காக இல்ல, நீங்க பாக்குறதுனால. நீங்க பாத்தா நிக்கிறாங்க. வர்ற சனிக்கிழமை யாரையும் பாக்காதீங்க. அது முடிஞ்சதும் உங்க வேலைய முடிவு பண்ணலாம்."

"வில்ஃப் வருவாரேம்மா."

"அவருக்கு ஜன்னலோரம் மேஜை தர்றேன். பியருக்குக் காசு வேண்டாம். உக்காரச் சொல்லுங்க, அது போதும்."

நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. புதன்கிழமை வில்ஃப் வந்து அந்த மேஜையில் உட்கார்ந்தும் பார்த்தார். பத்து நிமிஷம். பிறகு பாதிக் கோப்பையை வைத்துவிட்டு என் கடைக்கு வந்தார், அவருடைய இரண்டு சட்டையை எடுத்துக்கொள்ள.

"என்ன வில்ஃப், ராஜா மாதிரி ஜன்னலோரம் எடம் குடுத்தாங்களாமே?" என்றேன்.

"எடம் நல்லாத்தான் இருக்கு பாலீன். டாக்டர் கூப்பிடுவாருன்னு உக்காந்திருக்க மாதிரி இருக்கு." சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "கவுண்டர்ல நிக்கிறவன் தனியா வந்திருக்கான்னு யாரும் நெனைக்க மாட்டாங்க. மேஜைல ஒத்தையா உக்காந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருது."

இதை நான் கேய்னரிடம் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் சும்மா இருந்தால்தானே. சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை. முனைக் கதவில் 'வாசல் பக்கத்துத் தெருவில்' என்று பலகை தொங்கியது. ஜனங்கள் அதற்குப் பணிந்து சுற்றிப் போனார்கள். மேஜைகள் ஒழுங்காக நிரம்பின, சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. கேய்னர் தலையைக் குனிந்துகொண்டு ஊற்றினாள். நான் அன்றைக்கு நாப்கினை வேண்டுமென்றே தாமதமாகக் கொண்டுபோனேன், எப்படி நடக்கிறது என்று பார்க்க.

ஒரு மணிக்கு வில்ஃப் வந்தார், முனைக் கதவு வழியாக. பலகையைப் படிக்கத் தெரியாதவர் அல்ல. இடது கோடியில் முழங்கையை வைத்து நின்றார்.

கேய்னர் ஒரு கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவர் அவளிடமிருந்து மூன்றடி தூரத்தில் நிற்கிறார். நிமிர்ந்தால் போதும். கழுத்து நரம்பு புடைத்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

பரிமாறும் பெண் ஒருத்தி வந்து, "ஐயா, ஏதாவது வேணுங்களா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம் கண்ணு. நான் வந்தது அவளுக்குத் தெரியும்" என்றார் வில்ஃப். அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னார்.

பத்து நிமிஷம் ஆனது. இருபது ஆனது. கேய்னர் சீட்டுகளை எடுத்தாள், ஊற்றினாள், வைத்தாள். இடது பக்கம் திரும்ப வேண்டி வந்தபோதெல்லாம் உடம்பை முழுக்கச் சுற்றி வலது பக்கமாகத் திரும்பினாள், அந்த முழங்காலோடு. புது வாசலிலிருந்து ரோசலிண்ட் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மூட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். நான் போய், "வில்ஃப், வாங்க, என் கடையில தேத்தண்ணி குடிக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாப்கின் வேலை போய்விடுமோ என்று இருந்தது. இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

பின்னால் இரண்டு விருந்தாளிகள் கோட்டை மாட்டிக்கொண்டு கவுண்டர் பக்கமாகத் தயங்கினார்கள். வில்ஃப் நிற்பதைப் பார்த்து அவர்களும் நிற்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. ரோசலிண்ட் வேகமாக வந்தாள்.

"வில்ஃப், உங்களக் கேய்னர் கவனிச்சாங்களா? நிக்கச் சொன்னாங்களா?" மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வியில் கேய்னரின் வேலையே தொங்குகிறது என்று அங்கிருந்த எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வில்ஃபுக்கும் அந்த நேரத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் கேய்னரின் குனிந்த தலையைப் பார்த்தார். துடைத்துத் துடைத்துக் கீச்சென்று சத்தம் போட்ட கோப்பையைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவ என்னைப் பாக்கவே இல்ல. வேலையில கண்ணா இருக்கா. நான் சும்மா இந்த ஓடெல்லாம் எப்பிடிக் கழுவியிருக்கீங்கன்னு பாக்க வந்தேன். நல்லா இருக்கு."

கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். ஒன்றுமே குடிக்காதவர், வழக்கம்போல, "நன்றி கண்ணு" என்று கவுண்டருக்குச் சொல்லிவிட்டு முனைக் கதவு வழியாகப் போனார். கேய்னர் அப்போதும் நிமிரவில்லை.

ஐந்து மணிக்கு என் கடைக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். வீங்கிய முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நிரந்தரம் பண்ணிட்டா" என்றாள். "கையெழுத்துப் போட்டாச்சு. நாலு வருஷத்துக்குக் கவலை இல்ல."

"நல்லதுடி" என்றேன்.

"நாற்காலி வேற இருக்கு."

"ஆமா."

இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க நான் நின்ன இருபத்தேழு வருஷத்துல," என்றாள், "என்னை என்னென்னமோ சொல்லியிருக்கானுங்க பாலீன். குண்டுன்னிருக்கானுங்க, சிடுமூஞ்சின்னிருக்கானுங்க. 'அவ என்னைப் பாக்கல'ன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூடச் சொன்னதில்ல."

அவள் அழுதாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வில்ஃபின் சட்டைகள் இன்னும் வாராவாரம் என் கடைக்கு வருகின்றன. ஃபெதர்ஸ் பக்கம் அவர் போவதில்லை. தெருவில் கேய்னர் எதிரே வந்தால், அவள் கண்ணில் படுவதற்குள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்.